ஒட்டா, புதுக் குழாயா, மானியமா? எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர்க் கணக்கு

பினாங்கு ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பத்து மாடி, 180 வீடு. அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். நிகழ்ச்சி நிரலில் வேறு பலவும் உண்டு. ஆனால் எல்லாரும் பேசத் தயாராகி வருவது ஒன்றுக்குத்தான்: தண்ணீர்க் குழாய். கீழ்த்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் குழாயும், அங்கிருந்து வீடுகளுக்கு இறங்கும் நான்கு குழாய்களும் கட்டிய நாளில் போட்ட ஜிஐ பைப்புகள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். முந்தின வருடம் மூன்று இடத்தில் கசிந்தன. போன வருடம் ஆறு. இந்த வருடம் பதினொன்று.

நிர்வாகக் குழுவில் இரண்டு வருடமாகக் கணக்குப் பார்ப்பவள் நான். கசிகிற இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டுக்கொண்டே போவது, எல்லாக் குழாயையும் ஒரே மூச்சில் மாற்றுவது, மாநில அரசின் மானியத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பது என்று மூன்று வழிகள் எங்கள் முன்னால் இருக்கின்றன. பழைய அடுக்குமாடிகளில் குடியிருக்கும் பலருக்கும் இன்றோ நாளையோ இதே கேள்வி வரும். அதனால்தான் எங்கள் கணக்கை இங்கே விரித்து வைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பம் தீரவேண்டும். "தண்ணீர்க் குழாய்தானே, தண்ணீர் வாரியம் வந்து பார்க்கட்டும்" என்று பலர் சொல்கிறார்கள். வாசலில் இருக்கும் பெரிய மீட்டர் வரைக்கும்தான் அவர்கள் பொறுப்பு. மீட்டரைத் தாண்டிய பிறகு அது 180 வீட்டுக்கும் பொதுச்சொத்து. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் அதைப் பராமரிக்கும் கடமையை நம் நிர்வாக அமைப்பின் தலையில்தான் வைக்கிறது. கெடாவின் எல்லையில் ஓடும் சுங்கை மூடா ஆற்றில் தண்ணீரை எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலுக்கு அடியில் குழாய் போட்டுத் தீவுக்குக் கொண்டுவருகிறார்கள். அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் கடைசி ஐம்பது மீட்டரில், எங்கள் படிக்கட்டுச் சுவரில் வழிந்து சாக்கடைக்குப் போகிறது. அரசாங்கம் பராமரிக்கவில்லை என்று நாம் எல்லாரும் குறைசொல்கிறோம். சொல்லவேண்டியதுதான். ஆனால் இந்த ஐம்பது மீட்டருக்கு நாம்தான் அரசாங்கம். வரி எவ்வளவு என்று முடிவெடுப்பது நாம், கட்டாதவரைக் கேட்பது நாம், வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுவதும் நாம்தான்.

எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஒரு வேலைநாள் இரவு, காவலாளி அண்ணனையும் பம்ப் பார்க்கும் தம்பியையும் துணைக்கு வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். இரண்டரை மணிக்குப் பம்பை நிறுத்திவிட்டுத் தொட்டிக்குள் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டோம். தொட்டி நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர். மூன்றரை மணிக்குப் பார்த்தால் மட்டம் மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அதாவது 360 லிட்டர். அந்த நேரத்தில் யாராவது கழிவறைக்கு எழுந்திருப்பார்கள் என்று 60 லிட்டரைக் கழித்தாலும் மணிக்கு 300 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டர், மாதத்துக்கு 216 கன மீட்டர். நாலு பேர் உள்ள குடும்பம் மாதம் 30 கன மீட்டர் செலவழிப்பதாக வைத்துக்கொண்டால் ஏழு குடும்பத்தின் தண்ணீர். எங்கள் கட்டடத்தில் யார் கண்ணுக்கும் தெரியாமல் ஏழு வீடு கூடுதலாகக் குடியிருக்கிறது, அதன் பில்லை மற்ற 180 வீடும் கட்டுகிறது. பம்ப் கூடுதலாக ஓடும் மின்சாரக் கட்டணம் வேறு.

நாட்டுக் கணக்கிலும் இதே கதைதான். சுத்திகரித்து அனுப்பியும் மீட்டரில் வந்து சேராமல் போகும் தண்ணீரை வருவாய் தராத நீர் என்கிறார்கள். 2022ல் மலேசியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 37 விழுக்காடு. மீட்டர் கோளாறும் திருட்டும் அதில் அடக்கம் என்றாலும் பெரிய காரணம் பழைய குழாய்தான்.

இனி முதல் வழி. ஒட்டுப்போடுவது.

இதற்குத்தான் எங்கள் கட்டடத்தில் ஆதரவு அதிகம். காரணமும் புரிகிறது. இந்த வருடம் பதினொரு கசிவுக்கும் சேர்த்து 11,400 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. எல்லாவற்றையும் மாற்ற கொன்ட்ராக்டர் கேட்பது 180,000 வெள்ளி. மூன்றாம் மாடி ஐயா ஒருவர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார்: "பாருங்கம்மா, அந்தப் பணத்துக்குப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஒட்டுப்போடலாம். அதுக்குள்ள நான் இருக்கேனோ இல்லையோ." ஓய்வூதியத்தில் வாழ்கிறவர், ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவு செய்கிறவர். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு நிற்காது. ஏன் என்று சொல்கிறேன்.

ஜிஐ பைப்புக்கு உள்ளே பூசிய துத்தநாகம் கரைந்துபோன பிறகு இரும்பு துருவேறத் தொடங்கும். துரு உள்பக்கம் கட்டிகட்டியாக வளர்ந்து குழாயின் வழியைக் குறுக்கும். காலையில் முதல் பக்கெட் தண்ணீர் தேநீர் நிறத்தில் வருவது அதனால்தான். மேல்மாடிகளில் நூலளவு வருவதற்கும் பாதிக் காரணம் அதுவே. முதலில் விட்டுக்கொடுப்பது மரை வெட்டிய இணைப்புகள், அங்கே இரும்பின் தடிமன் குறைவு. ஒரு இடத்தில் ரப்பர் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினால் அந்த ஓட்டை அடைபடும், சரி. அதே வயதுடைய, அதே துரு ஏறிய அடுத்த இணைப்பை அது என்ன செய்துவிடும்? மூன்று, ஆறு, பதினொன்று என்ற வரிசையைப் பாருங்கள். வருடத்துக்குப் பதினொன்றுதான் என்று பதினைந்து வருடத்துக்கும் நீட்டிப் போட்ட கணக்கு ஐயாவுடையது. குழாய் அப்படி நடந்துகொள்ளவில்லை.

இன்னொன்று, பணம் எந்தப் பையிலிருந்து போகிறது என்பது. ஒட்டுப்போடும் செலவு மாதப் பராமரிப்புக் கணக்கிலிருந்து போகிறது. காவலாளி சம்பளம், குப்பை அள்ளும் அக்காவின் கூலி, லிஃப்ட் சர்வீஸ் எல்லாம் அதே கணக்குதான். குழாய்க்கு எடுத்த 11,400 வெள்ளிக்காக இந்த வருடம் லிஃப்ட் கயிறு மாற்றுவதைத் தள்ளிப்போட்டோம். சிங்கிங் ஃபண்ட் என்கிற தனிநிதியோ, இப்படிப் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிற செலவுக்காகவே சட்டம் ஒதுக்கி வைக்கச் சொன்னது. அதில் 74,000 வெள்ளி சும்மா கிடக்கிறது. ஒட்டுப்போடும் வரை அதைத் தொட வழியில்லை.

பில்லில் ஏறாத செலவும் இருக்கிறது. கசிவு எங்கே என்று தேடும்போது, மாடிக்கு மாடி வால்வு வேலை செய்யாததால், முழு வரிசையையும் மூடவேண்டியிருக்கிறது. ஒன்பதாம் மாடியில் தனியாக இருக்கும் பாட்டி அன்று கீழே வந்து இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறார். கீழ்மாடிக்காரர்கள் தேக்கி வைத்ததை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள், இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து குளிக்க முடியாமல் படுத்துவிடுவார்கள். கூட்டத்தில் ஓட்டு அவர்களுக்கு இல்லை, வேறு ஊரில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கு. ஒட்டுப்போடுவது மலிவு என்று சொல்லும்போது யாருக்கு மலிவு என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

நாள் குறித்துத் தண்ணீரை நிறுத்துவதற்கும் அது தானாக நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக, ஏறக்குறைய 590,000 பயனர்களுக்குத் தண்ணீர் தடைபடும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். மறுநாள் 15ஆம் தேதி பொங்கல். வீடு கழுவ வேண்டிய போகியன்று நாங்கள் வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். கோபம் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் நாள் தெரிந்திருந்ததால் தொட்டி நிரப்பினோம், பாட்டிக்கு முன்கூட்டியே கொண்டுபோய் வைத்தோம், லாரி எங்கே நிற்கும் என்று தெரிந்திருந்தது. அதே 2024 டிசம்பரில் சுங்கை பிறை ஆற்றைக் கடக்கும் பழைய பெருங்குழாய் கசிந்தபோது நாள் குறிக்க யாருக்கும் அவகாசம் இல்லை. தீவிலும் செபராங் பிறையிலும் பல இடங்களில் குழாய் காய்ந்தது. பழுதுபார்க்கும் வேலையையும் ஆற்றுக்குள் செய்யவேண்டியதாயிற்று. முதலாவது பராமரிப்பு, இரண்டாவது விபத்து. இரண்டிலும் குழாயில் காற்றுதான் வந்தது, அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

அந்த ஜனவரி வேலை வால்வுக்காக நடந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வால்வு தண்ணீர் தருவதில்லை. ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும்போது மற்ற பகுதிக்குத் தண்ணீர் போக வழிசெய்வதுதான் அதன் வேலை. அது கெட்டால் ஒரு சின்ன வேலைக்கும் ஊரையே நிறுத்தவேண்டும். எங்கள் கட்டடத்தின் நோயும் அதேதான்.

இரண்டாவது வழி, மொத்தமாக மாற்றுவது. 180,000 வெள்ளியில் சிங்கிங் ஃபண்டிலிருந்து 50,000 எடுக்கலாம். அதை வழித்து எடுத்துவிட்டு நாளைக்கு லிஃப்ட் மோட்டார் போனால் கையை விரிக்க முடியாது. மீதி 130,000. வீட்டுக்கு 722 வெள்ளி, இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 30 வெள்ளி. இப்போது மாதம் பராமரிப்புக்கு 60, சிங்கிங் ஃபண்டுக்கு 6 என்று 66 வெள்ளி கட்டுகிறோம். அது 96 ஆகும். சிலருக்கு அது ஒரு வேளை வெளிச்சாப்பாடு. சிலருக்குப் பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தில் பாதி.

இந்த வழியின் பலம் பெரியது. வேலை ஒரே தடவையில் முடியும், கூலி ஒரே தடவை, மாடிக்கு மாடி வால்வும் வந்துவிடும். பொருளைப் பற்றிச் சுருக்கமாக: துருப்பிடிக்காத ஸ்டீல் நீடிக்கும், விலை அதிகம். கறுப்பு நிற எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய் வெயிலைத் தாங்கும், ஆனால் சூட்டில் நீளும், அதனால் பிடிமானங்களை நெருக்கமாகப் போடவேண்டும். மொட்டைமாடியில் வெயில்படும் இடத்தில் சாதாரண பிவிசி போடச் சொல்லும் கொன்ட்ராக்டரிடம் கவனமாக இருங்கள், வெயிலில் அது நொறுங்கத் தொடங்கும். புதுப் பித்தளை வால்வைப் பழைய ஜிஐயோடு நேராக இணைப்பதும் கூடாது. இரண்டு உலோகம் தண்ணீரில் சேர்ந்தால் இரும்பை அரிக்கும்.

பலவீனம் ஒன்றுதான், ஆனால் அதுவே ஆளைக் கவிழ்க்கும். 180 வீட்டில் 46 வீடு இப்போதே பாக்கி. மாதம் 3,000 வெள்ளிக்கு மேல் வராமல் நிற்கிறது. அவர்களிடம் 66 வசூலிக்க முடியாத நாம் 96 எப்படி வசூலிப்போம்? கட்டுகிறவர் தலையில்தான் விழும். சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழித்தும் கட்டாவிட்டால் அடுக்குமாடித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டட ஆணையரின் வாரண்டோடு பொருளைக் கைப்பற்றவும் முடியும். நான் அதை ஆதரிக்கிறேன், ஆனால் வகை பார்த்து. இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டு, வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு கட்டணத்தை மறந்துபோனவருக்கு நோட்டீஸ் போகட்டும். கணவனை இழந்து தையல் வேலை பார்க்கும் அக்காவுக்குத் தவணை கொடுப்போம்.

மூன்றாவது, மானியம். தனியார் மலிவுவிலை, நடுத்தர மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பினாங்கு மாநில அரசு ஒரு பராமரிப்பு நிதி வைத்திருக்கிறது. லிஃப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி போன்ற பெரிய வேலைகளுக்கு அதிகபட்சம் 80 விழுக்காட்டை அரசு ஏற்கும், 20 விழுக்காட்டைக் குடியிருப்போர் போடவேண்டும். எங்கள் வேலைக்கு அது கிடைத்தால் நம் பங்கு 36,000 வெள்ளி, வீட்டுக்கு 200. இது இரக்கப்பட்டுக் கொடுக்கும் பணம் என்று யாரும் கூச வேண்டாம். நிலவரியும் மதிப்பீட்டு வரியும் நாமும்தான் கட்டுகிறோம். தரைவீட்டுக்காரர் வாசலில் உள்ள சாலையையும் சாக்கடையையும் நகராண்மை பார்த்துக்கொள்கிறது. நம்முடைய நடைபாதையும் படிக்கட்டும் செங்குத்தாக நிற்கிறது என்பதற்காக முழுச் செலவும் ஏழைகள் மேல் விழுவது நியாயமில்லை. அந்த 80 விழுக்காட்டை நான் நியாயமான பங்கு என்றே நினைக்கிறேன்.

ஆனால் "காத்திருப்போம்" என்ற சொல்லில் ஆபத்து இருக்கிறது. வரிசையில் எத்தனையோ கட்டடங்கள். நம் முறை எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஒய்பியை, அதாவது சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்துச் சொல்லிவிட்டோம், இனி அவர் பாடு என்று உட்கார்ந்த கட்டடங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காத்திருக்கும் காலத்தில் யாரும் பம்புக்கு எண்ணெய்கூடப் போடுவதில்லை. எப்படியும் மாற்றத்தானே போகிறோம் என்கிறார்கள்.

காத்திருந்தால் பொருள் மட்டுமா பழசாகிறது? பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவில் ஓடிய பழைய பெர்ரிகளை நினைத்துப் பாருங்கள். கார் ஏறும் கீழ்த்தளம், காற்று வாங்கும் மேல்தளம். கப்பல்கள் வயதாகி ஒவ்வொன்றாக ஒதுங்கின. 2020 கடைசியோடு அந்தச் சேவை முடிந்தது. சில காலம் சிறு படகுகள். 2023 ஆகஸ்டில் புதுக் கப்பல்கள் வந்தன, நல்ல கப்பல்கள்தான், ஆனால் அவற்றில் மோட்டார் சைக்கிள் ஏறலாம், கார் ஏறாது. மாற்றும் நாள் வந்தபோது பழைய சேவை முழுதாகத் திரும்பவில்லை. நாசி கண்டார் கடைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு வேனோடு பெர்ரியில் வந்த என் மாமா இப்போது பாலம் சுற்றித்தான் வருகிறார்.

ஆக, என் தீர்ப்பு இது. மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் வேலையை இரண்டாகப் பிரிக்கலாம் என்று கொன்ட்ராக்டரோடு உட்கார்ந்து பேசியதில் தெரிந்தது. முதல் பாகம், மேலே ஏறும் குழாயும் மாடிக்கு மாடி வால்வுகளும்: 48,000 வெள்ளி. இதை இந்த வருடமே சிங்கிங் ஃபண்டில் செய்துவிடலாம், நிதியில் 26,000 மிஞ்சும். அதிக அழுத்தம் தாங்குவது ஏறும் குழாய், அது போனால் 180 வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. வால்வு வந்துவிட்டால் பிறகு இறங்கும் குழாயில் எங்கே கசிந்தாலும் அந்த மாடிக்கும் அதற்குக் கீழும் மட்டும்தான் தண்ணீர் நிற்கும், மேல்மாடிகளுக்கு வரும். இந்த ஒரு மாற்றமே பாட்டியின் நாளை மாற்றிவிடும்.

இரண்டாம் பாகம், இறங்கும் நான்கு குழாய்கள்: 132,000 வெள்ளி. இதற்கு மானியம் கேட்டு எழுதுவோம். தொடங்கிவிட்ட வேலைக்குப் பிறகு பணம் கிடைக்காது என்று எண்ணித்தான் திட்டமிடவேண்டும், அதனால் இரண்டுக்கும் தனித்தனி விலைப்பட்டியல், தனித்தனி வரைபடம். நம் பங்கான 20 விழுக்காடு 26,400 வெள்ளி. அதை இப்போதே மாதம் 13 வெள்ளியாக ஒரு வருடம் சேர்ப்போம். பணம் கையில் இருக்கும் கட்டடம், அனுமதி வந்த மறுநாளே வேலை தொடங்கலாம். பதினெட்டு மாதத்தில் பதில் வராவிட்டால் மீதியை நாமே இரண்டு வருடத்தில் மாதம் 24 வெள்ளியாகச் சேர்த்து முடிப்பது. இந்தத் தேதியைத் தீர்மானத்திலேயே எழுதவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தேதி இல்லாத காத்திருப்பு ஒட்டுப்போடுவதில்தான் போய் முடியும்.

இதில் ஒரு குறை இருக்கிறது. அந்தப் பதினெட்டு மாதமும் இறங்கும் குழாய்களில் ஒட்டுப்போட்டுக்கொண்டுதான் இருப்போம். அந்தச் செலவுக்கு 12,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். அதற்குள் அடங்குமா என்பது குழாயின் கையில்.

எங்கள் ஊரில் முருகன் இருக்கும் இடத்துக்குப் பெயரே தண்ணீர்மலை. அந்த அருவித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுபோகும் வேலை 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. தைப்பூசத்துக்குச் சாலை நெடுகப் பந்தல் போட்டு, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் தண்ணீரும் மோரும் கொடுப்பவர்கள் நாம். எங்கள் கட்டடத்திலிருந்தும் வருடம் தவறாமல் ஒரு பந்தலுக்குப் பணம் சேர்க்கிறோம், அதற்கு ஒரு வீடுகூடப் பாக்கி வைத்ததில்லை. மூன்றாம் மாடி ஐயாதான் அந்த வசூலுக்குத் தலைவர். போன வாரம் இந்தத் திட்டத்தைக் காட்டியபோது, கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "பதிமூணு வெள்ளின்னா நானே வீடு வீடாப் போயி வாங்கித் தர்றேன். ஆனா வால்வு எங்க வருதுன்னு எனக்குக் காட்டணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப்போகிறேன், லிஃப்ட் ஓடினால்.

எங்கள் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாகக் கட்டணம் பாக்கி இருந்தால் ஓட்டுப்போட முடியாது. ஆபீசில் தவணைத் தாள் வைத்திருக்கிறோம். கூச்சப்படாமல் வந்து கையெழுத்துப் போட்டுக் கட்டத் தொடங்குங்கள், அந்த நாளுக்குள் தீர்க்க முடிந்தவர்கள் தீர்த்துவிடுங்கள். ராத்திரி அளந்த கணக்குப் புத்தகமும் அங்கேயே மேசைமேல் இருக்கிறது.